பூசாத கொட்டகை

தான் சொல்வது சரியென்று ஒருத்திக்குத் தெரிகிறது. சுற்றியிருக்கும் இருபது பேரும் அவளை வீம்புக்காரி என்கிறார்கள். சரியாக இருப்பது எந்த இடத்தில் வீம்பாக மாறுகிறது? ஐரிஸ் ஹோல்ராய்டைப் பார்த்த எவருக்கும் இந்தக் கேள்வி வந்தது. ஐரிசுக்கு மட்டும் வந்ததாகத் தெரியவில்லை.

கால்டர் பள்ளத்தாக்கின் துணி ஆலையில் முப்பத்தோரு வருஷம் துணி வெட்டி ஓய்வு பெற்றவள். ரயில் பாதைக்கு மேலே, சரிவில், ஊராருக்குப் பங்கு பிரித்துக் கொடுத்திருந்த பொதுத் தோட்டத்தில் அவளுக்கு ஒரு பாத்தி. அதன் கோடியில் மரக் கொட்டகை. ஒவ்வொரு பலகையும் அவளே ஆணியடித்தது. கணவன் இறந்த பிறகு தூங்கவும் சமைக்கவும் வீட்டுக்குப் போவாள். மற்ற நேரமெல்லாம் அங்கேதான்.

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை தோட்டங்களுக்கான போட்டி; வெளியூர்த் தோட்டக்காரர்கள் வந்து மதிப்பெண் போடுவார்கள். அதற்குள் எல்லாக் கொட்டகைக்கும் ஒரே பழுப்புச் சாயம் பூசியாக வேண்டும் என்பது தோட்டக் கமிட்டியின் விதி. இரண்டு வருஷம் ஐரிசும் பூசினாள். இரண்டு முறையும் பனிக்காலம் முடிந்ததும் சாயம் தோலாக உரிந்தது. அடியில் பலகை நனைந்த ரொட்டிபோல் இருந்தது. நான்கு பலகைகளைப் பிடுங்கி மாற்றினாள்.

எண்பத்தைந்தாம் வருஷம் கோடை முழுக்க மழை. போட்டிக்கு மூன்று நாள் இருக்கையில் மழை விட்டு நல்ல காற்று அடித்தது. கொடியில் துணி காய்கிறதே, மரம் காயாதா என்று தோட்டமே பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. அந்த ஊர்க்காரர்கள் காற்றை நம்பியே கெட்டவர்கள்.

கமிட்டிச் செயலாளர் டெரிக் கிரீன்வுட் சாய டப்பாவோடு வந்து நின்றான். ஆலையில் ஐரிசிடம் வேலை பழகியவன்.

"எல்லாரும் முடிச்சாச்சு ஐரிஸ். உன்னுது மட்டும் அம்மணமா நிக்குது."

"மரம் ஈரமா இருக்கு."

"இந்த ஊர்ல எதும்மா காஞ்சிருக்கு? என் முழங்காலே இன்னும் காயல."

"அப்ப அந்த டப்பாவ முழங்காலுக்குப் பூசிக்க."

பக்கத்துப் பாத்தி ஹெட்லி, லீக் வெங்காயச் செடிகளுக்கு நடுவிலிருந்து வாய்விட்டுச் சிரித்தார்.

ஐரிஸ் சுவரைக் காட்டினாள். பலகைமேல் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, நாலு ஓரமும் நாடாவால் ஒட்டியிருந்தாள். "நேத்து ஒட்டுனேன். உள்பக்கம் எப்படி வேர்த்திருக்கு பாரு. மரம் இன்னும் தண்ணி விடுது. மேல பூசி மூடிட்டா அது எங்க போகும்? உன் வீட்டுக்கா?"

"சனிக்கிழமைக்குள்ள பூசலன்னா உன் பாத்தியப் பறிக்கச் சொல்லி கமிட்டில எழுதிக் குடுப்பேன். விளையாட்டில்ல."

"எழுது. எழுத்துப்பிழை இல்லாம எழுது."

அன்று மாலையே அவரைக்கொடி படரவிடும் கம்புகளை நட்டு, கொட்டகைக்கு மேலே ஒரு தார்ப்பாயைக் கட்டினாள். மழை படக் கூடாது, காற்று மட்டும் நாலு பக்கமும் புகுந்து போக வேண்டும். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. சனிக்கிழமை வந்தவர்கள் அதன் முன்னால் நின்று ஏதோ குறித்துக்கொண்டார்கள். தோட்டத்துக்கு இரண்டாம் இடம்தான் கிடைத்தது.

திங்களன்று தேவாலயக் கூடத்தில் கமிட்டி கூடியது. டெரிக் தன் புகாரைப் படித்து முடித்ததும் ஐரிஸ் எழுந்தாள்.

"மன்னிப்புக் கேக்க வரல. பாத்திய எடுத்துக்கறதுன்னா எடுத்துக்கோங்க. ஈர மரத்துல நான் பூச மாட்டேன். இன்னிக்கும் மாட்டேன், அடுத்த வருஷமும் மாட்டேன்."

ஹெட்லி தொண்டையைச் செருமினார். "இவ பேச்சு எனக்குப் பிடிக்காது. ஆனா போன மாசம் என் கொட்டகைக் கதவத் திறந்தேன், கைப்பிடி பலகையோட கையில வந்துச்சு. மரம் காயற வரைக்கும் விடுங்கப்பா."

கைகள் உயர்ந்தன. இரண்டு கை வித்தியாசத்தில் பாத்தி ஐரிசுக்கே நிலைத்தது.

செப்டம்பர் நடுவில் மழையில்லாமல் வறண்ட கீழைக்காற்று எட்டு நாள் வீசியது. ஒன்பதாம் நாள் காலை கண்ணாடியின் உள்பக்கம் துடைத்ததுபோல் இருந்தது. ஐரிஸ் தார்ப்பாயைக் கழற்றினாள். பலகைகளின் வெட்டு முனைகள்தான் அதிகம் ஈரம் குடிக்கும். அவற்றுக்கு முதலில் பூசினாள். பிறகு சுவர்கள். மறுநாள் இரண்டாவது பூச்சு. அவளைப் பொறுமைசாலி என்று சொல்வதற்கில்லை. பூசி முடிக்கும்வரை ஒருவரோடும் பேசவில்லை, அவ்வளவுதான்.

டெரிக் வந்து விரலால் தொட்டுப் பார்த்தான். மரம் சாயத்தை உள்ளே வாங்கியிருந்தது. "நல்லாத்தான் இருக்கு," என்றான், பல்லைப் பிடுங்கியதுபோல.

அடுத்த நாள் காலை ஐரிஸ் மண்வெட்டியையும் நாற்காலியையும் தள்ளுவண்டியில் ஏற்றினாள். சரிவின் அடியில் வாசல் கதவுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த டெரிக்கின் கையில் கொட்டகைச் சாவியை வைத்தாள்.

"அடுத்த ஆளுக்குக் குடு."

"பைத்தியமா உனக்கு? ஜெயிச்சது நீதானே!"

"என்னப் பாதிப் பேர் விரட்டப் பாத்த இடம் இது, மரத்தப் பாதியில விடக் கூடாதுன்னுதான் இருந்தேன். ரெண்டு நாளைக்குச் சுவத்துல யாரும் சாயாமப் பாத்துக்க," என்று சொல்லி, வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலைக்குப் போனாள்.