என்னிடம் ஒப்படைக்கப்பட்ட குரல்

திருச்சுழி சாலையில் உள்ள எங்கள் கிறிஸ்தவச் சிற்றாலயத்துக்கு நான் நெடுங்காலமாகச் செயலர். அருப்புக்கோட்டையில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். சபையின் நாற்பது குடும்பங்களில் பாதிப்பேருக்கு எழுத்து தெரியாது. டவுன் ஆலயங்களில் பாட்டின் வரிகளைத் திரையில் காட்டுகிறார்கள். எங்களிடம் பழைய முறைதான். ஒருவர் ஒவ்வோர் அடியையும் உரக்க வாசிப்பார், சபையார் அதை வாங்கிப் பாடுவார்கள். அடி எடுத்துக் கொடுத்தல் என்று அதற்குப் பெயர். அந்தப் பொறுப்பு என்னுடையது. என் குரலும் உச்சரிப்பும் ஆண்டவர் தந்தவை என்றும், அவற்றை மாசுபடாமல் காப்பது என் கடமை என்றும் எண்ணினேன். இன்றும் அதில் எனக்கு ஐயமில்லை.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஒரு கைம்பெண் ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தாள். பருத்தி எடுக்கும் கூலி. சபையில் சேருமுன் சாவு வீடுகளில் ஒப்பாரி பாடியவள். நல்ல இசை கேட்டுப் பழகிய காது எனக்கு உண்டு. அப்படியொரு குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. ஒருமுறை காதில் விழுந்த பாட்டு அவளுக்கு மறக்காது. நான் அடி எடுத்துக் கொடுக்குமுன்பே அடுத்த அடிக்குப் போய்விடுவாள். சில வாரங்களில் சபையார் என் வாயைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். என் மனைவி முன்வரிசை நாற்காலியை விட்டு எழுந்துபோய், அவளருகே பாயில் உட்காரத் தொடங்கினாள்.

பேராயர் வரவிருந்த, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள், பெண்கள் ஆலயத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவளை அழைத்தேன்.

"நாளைக்கு நீ பாட வேண்டாம்."

"ஏன்யா, தப்பாப் பாடுறனா?"

"எழவு வீட்டு இழுவை உன் பாட்டுல இருக்கு. பெரியவங்க வர்ற இடம்."

"சாமி குடுத்த தொண்டைதானய்யா. நான் என்ன சந்தையிலயா வாங்குனேன்?"

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "வாங்குனதுன்னா மாத்திட்டு வந்துருவா!" என்றாள். மீண்டும் சிரிப்பு. அந்தச் சிரிப்பு என்னை இறுக்கியது.

"குடுத்தவர் இந்தச் சபையை என்கிட்ட ஒப்படைச்சிருக்கார். உன் தொண்டையும் அதில் சேர்த்தி. எது எப்போ வேணும்னு நான் சொல்வேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே. அடக்க முடியலேன்னா, உன் பழைய பிழைப்புக்கே போ. பிணம் ஒண்ணும் சொல்லாது."

யாரும் சிரிக்கவில்லை. அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "சரிங்கய்யா" என்றாள்.

பண்டிகை சிறப்பாக நடந்தது. பேராயர் என் வாசிப்பைப் பாராட்டினார். அடுத்த ஞாயிறும் அவள் பாடவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். பாடு என்று நான் சொல்லவில்லை. ஆலயம் பெருக்கும் வேலையை அவளுக்குக் கொடுத்து, ஆண்டறிக்கையில் அதை அவளுடைய ஊழியம் என்று எழுதினேன். எஜமான் தந்தவற்றுக்கு நாம் காவலர் மட்டுமே என்பதை நினைவூட்ட எங்களுக்கு உக்கிராணத்துவ ஞாயிறு என்று ஒரு நாள் உண்டு. அந்நாளில் நானே பிரசங்கித்தேன். இயேசு சொன்ன கதையில், எஜமான் தந்த பணத்தைப் பயன்படுத்தாமல் மண்ணில் புதைத்த வேலைக்காரனைக் கடுமையாகச் சாடினேன். மூன்றாம் வரிசைப் பாயில் அவள் உதடு மூடி உட்கார்ந்திருந்தாள். பலரும் என் கையைப் பற்றிக்கொண்டு பாராட்டினார்கள். மனைவி மட்டும் எனக்குக் காத்திராமல் வீட்டுக்கு நடந்தாள்.

ஒன்பது ஆண்டுகள் சென்றன. மனைவியின் வயிற்றில் வளர்ந்த கட்டியை அறுத்தெடுக்க இயலாது என்று மதுரை மருத்துவமனையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு காலை கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு அவள் கேட்டாள்: "அவளக் கூட்டிட்டு வந்து ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்க. செத்த பெறகு வேணாம். காது கேக்கும்போதே."

போய்க் கேட்பதென்றால் நான் அவள்முன் நிற்க வேண்டும். மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். நான்காம் வாரம் மனைவி கஞ்சி கேட்பதையும் விட்டுவிட்டாள். காரை எடுத்துக்கொண்டு எம்.ரெட்டியபட்டிக்குப் போனேன்.

இடுப்பில் கட்டிய மடி புடைக்க அவள் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்றபடியே செய்தியைச் சொன்னேன்.

"அம்மாவுக்கா? இந்தா வாரேன்யா." மடியை அவிழ்த்துக் கொட்டிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் காரில் ஏறினாள். அவள் மறுப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். மறுத்திருக்கலாம்.

கட்டிலருகே தரையில் அமர்ந்தாள். கண்ணை மூடினாள். மறுபடி திறந்து என்னைப் பார்த்தாள்.

"மொத அடி மறந்துபோச்சுய்யா. எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன், என் திருத்தமான உச்சரிப்பில். அவள் வாய் திறந்தாள். காய்ந்த ஓலையைத் தரையில் இழுப்பதுபோல் ஓர் ஒலி வந்தது. இரண்டாம் அடியில் அது உடைந்தது. இருமினாள். மீண்டும் முயன்றாள். மீண்டும் உடைந்தது.

"வீட்டிலாவது பாடினாயா?" என்று கேட்டேன்.

"இல்லய்யா. நீங்கதான சொன்னீக, தொண்டையும் உங்க பொறுப்புன்னு. நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன்."

அவள் முகத்தில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. ஆலயத்தில் நின்று செயலர் சொன்னதை ஆண்டவர் சொன்னதாகவே அவள் கொண்டிருந்தாள்.

மனைவி கையை நீட்டி அவள் தலையைத் தொட்டாள். "போதும் தாயி." பிறகு என் பக்கம் திரும்பினாள். நாற்பத்தோர் ஆண்டு என்னோடு வாழ்ந்தவள், ஒருநாளும் குரல் உயர்த்தாதவள், அன்றும் உயர்த்தவில்லை.

"ரொம்பப் பத்திரமா வச்சிருந்தீக" என்றாள்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன்பின் ஐந்து நாள் உயிரோடிருந்தாள். என்னிடம் தண்ணீர் மட்டும் கேட்டாள்.

அடக்க ஆராதனையில் நானே அடி எடுத்துக் கொடுத்தேன். சபையார் பாடினார்கள். கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் அந்தக் கைம்பெண் வாய் மூடி நின்றாள். அன்றும் அவளைப் பார்த்துப் பாடு என்று நான் சொல்லவில்லை.

செயலர் பொறுப்பை நான் விடவில்லை. இன்றும் ஞாயிறுதோறும் முதல் அடியை நான்தான் வாசிக்கிறேன். ஒரு பிழையும் வருவதில்லை.