தராசு போட்ட கையெழுத்து

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். எதையும் கூட்டிச் சொல்லவில்லை, எல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவை.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே, பத்தாவது படித்த மூன்று ஆண்களைத் தாண்டி, இருபத்திரண்டு வயதில் முந்திரி ஆலையின் தரம் பிரிக்கும் மேசைக்குத் தலைவியானாள். தரையில் குந்தி வேலை பார்த்த பெண்களுக்கு முக்காலி வாங்கிக் கொடுத்தாள். அதற்காக முதலாளியை நான்கு வருடம் நச்சரித்தாள். தோல் உரிக்கும் கூடத்தின் மேற்குச் சுவரை உடைத்து இரண்டு ஜன்னல் வைக்கச் செய்தாள். தரம் பிரிக்கும் இயந்திரம் ஒன்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து காட்டியபோது, அதனோடு போட்டி போட்டு மூன்று முறையும் ஜெயித்தாள். ஏற்றுமதியாளர் சங்கம் அதற்கு ஒரு கோப்பை கொடுத்தது. கோப்பை முதலாளி அறையில் இருந்தது.

போட்டி என்னவென்றால், ஒரு கைப்பிடி பருப்பை அள்ளி, அந்த அளவில் ராத்தலுக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்று சொல்ல வேண்டும். இருநூற்று நாற்பதா, முந்நூற்று இருபதா என்பதில்தான் விலையே இருக்கிறது. அவள் கையை மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுவாள். அதனால் ஆலையில் அவளுக்குத் தராசு என்று பெயர். நான் அங்கே வாசலில் கொட்டை மூட்டைகளை எடை போடுகிறவன். "அண்ணன்கிட்ட இருக்கிற தராசு பொய் சொன்னாலும் சொல்லும், தங்கச்சி சொல்லாது" என்று பெண்கள் என்னை வம்புக்கு இழுப்பார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பிள்ளையைத்தான் படிக்க வைக்க முடிந்தது. அப்பா என்னை அனுப்பினார். ஏழாவதோடு நானும் நின்றேன். அவள் பதினோரு வயதில் கொட்டை உடைக்கப் போனாள். முந்திரி ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் உண்டு, தோலைப் பொசுக்கிவிடும். பதினோரு வருடம் உடைத்ததில் அவள் விரல்கள் கரியேறி, ரேகை முழுக்கத் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டன.

எங்கள் துறைமுகத்திலிருந்து கடல் தாண்டிப் போகும் பொருள்களில் துணி முதலாவது, மீன் இரண்டாவது, முந்திரிப் பருப்பு மூன்றாவது என்று ஆலை அலுவலகத்தில் ஒரு படம் மாட்டியிருந்தார்கள். கொட்டை ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரும். பருப்பாகி வேறு நாடுகளுக்குக் கப்பலில் போகும். எந்த நாட்டுக்கு என்பதற்குப் பருப்பு அடைத்த தகர டின்னில் ஒரு வண்ணப் பட்டை. அவளுக்கு அந்தப் படம் வேண்டியிருக்கவில்லை. "நீலப் பட்டைக்காரனுக்கு வெள்ளை வெளேர்னு இருக்கணும். சிவப்புக்காரனுக்கு ஒண்ணுக்கொண்ணு ரெட்டைப் பிள்ளை மாதிரி இருக்கணும். பச்சைக்காரன் மோந்து பார்ப்பான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தேவலாம்" என்பாள். அவள் சரி என்று சொல்லாமல் ஒரு தகரமும் ஆலையை விட்டுப் போகாது. அந்த ஒரு சொல்லைத்தான் அவள் பெரிய சொத்தாக நினைத்தாள்.

அவளுக்கு முப்பத்தொன்பது வயது நடந்த வருடம் பச்சைப் பட்டை நாட்டிலிருந்து புது விதி வந்தது. ஒரே தடவையில் தயாராகும் சரக்கை லாட் என்போம்; தரம் பார்த்தவரே ஒவ்வொரு லாட்டின் தாளிலும் கையொப்பம் இட வேண்டும். குமாஸ்தா அவள் பெருவிரலை மையில் தோய்த்து மூன்று தடவை அழுத்திப் பார்த்தார்.

"என்னம்மா இது? மை சிந்தின மாதிரி இருக்கு. ஒரு கோடுகூட விழலை."

"உங்க ஆலைதான் சார் தின்னுடுச்சு. வேணும்னா வயித்தைக் கிழிச்சுத் தேடிப் பாருங்க."

கூடமே சிரித்தது. ஆனால் மானேஜர், கையெழுத்துப் போடத் தெரிந்த வேறு ஆளைத்தான் மேசைக்குப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். கையெழுத்துக் கற்றுக்கொள்ள அவள் ஆறு வாரம் தவணை கேட்டாள்.

வருகை அட்டையில் இருந்த தன் பெயரைப் பார்த்து, சாப்பாட்டு நேரத்தில், உடைந்த பருப்புத் துண்டுகளை மேசைமேல் எழுத்து எழுத்தாக அடுக்கினாள். ஐந்து எழுத்து. அடுக்கியதன் மேல் விரலை ஓட்டுவாள், கலைப்பாள், மறுபடி அடுக்குவாள். "ஏ தராசு, இன்னைக்கு உன் பேருல ரெண்டாவது எழுத்து எனக்கு" என்று ஒருத்தி எடுத்து வாயில் போடுவாள். "கொம்பை விட்டுட்டுத் தின்னுடி, அதுக்குத்தான் நாலு நாள் ஆச்சு" என்பாள் இவள். பிறகு பென்சில், பிறகு பேனா. மரத்துப்போன விரல்களில் பேனா நிற்காது. நூல் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். தன் பெயரை எழுதக் கற்றாள். வேறு எழுத்தோ எண்ணோ கற்க அந்த ஆறு வாரத்தில் இடமில்லை.

அப்போது பச்சைப் பட்டைக்கு இரண்டு லாட்டுகள் தயாராகிக்கொண்டிருந்தன, நாற்பத்தாறும் நாற்பத்தேழும். நாற்பத்தாறில் ஒரு பருப்பைக் கடித்து உடனே துப்பினாள்.

"மழையில நனைஞ்ச கொட்டை. வெளிய சிரிக்குது, உள்ள சிக்கு வாடை. இது போகக் கூடாது" என்றாள்.

"மறுபடி சூடு காட்டிப் பார்த்துடலாம்" என்றார் மானேஜர்.

"சூடு காட்டினா வாடை ஒளிஞ்சுக்கும் சார். கப்பல்ல ஒரு மாசம் போனதும் எந்திரிச்சு உக்காரும்."

நாற்பத்தேழு நல்ல சரக்கு. அதற்குச் சரி சொன்னாள்.

எங்கள் ஆலையில் ஒரு பழக்கம் இருந்தது. லாட்டின் தாள் தனியாக வராது. அந்த லாட்டிலிருந்து எடுத்த மாதிரிப் பருப்புத் தட்டின் மேல் வைத்துத்தான் வரும். படிக்கத் தெரியாதவர்கள் தட்டைப் பார்த்துத் தாளைத் தெரிந்துகொள்வார்கள். அவளும் பருப்பை மோந்துவிட்டுத்தான் தாளைத் தொடுவாள்.

கையெழுத்துப் போட வேண்டிய நாளன்று அவள் என்னை வாசலிலிருந்து கூப்பிட்டனுப்பினாள். "அண்ணா, பக்கத்துல நில்லு. கொம்பு சரியா விழுதான்னு என் கையைப் பாரு." மானேஜர் தட்டைக் கொண்டுவந்தார். அவள் இரண்டு பருப்பை எடுத்து மோந்தாள், ஒன்றைக் கடித்தாள். நாற்பத்தேழின் பருப்பு. தலையை ஆட்டினாள்.

"சீக்கிரம்மா, லாரி நிக்குது."

"இருங்க சார், அஞ்சு எழுத்து இருக்கு. உங்களை மாதிரி ஒரு கிறுக்கல்ல முடியாது."

ஒரு மூட்டையை இரண்டு முறை எடை போடாமல் உள்ளே விடாதவன் நான். அன்றைக்கு நான் தாளைப் படிக்கவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொம்பு கொஞ்சம் சாய்ந்தது. ஐந்தாவது எழுத்து முடிந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முப்பத்தொன்பது வயதில் ஒரு முகம் அப்படி மலர்ந்து வேறெங்கும் நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கன்டெய்னர் ஆகஸ்டு மாதம் திரும்பி வந்தது. முதலாளி அவளையும் என்னையும் அறைக்கு அழைத்தார். மானேஜரும் இருந்தார். தாள் மேசைமேல் கிடந்தது.

"இது உன் கையெழுத்துதானே?"

"என்னுதுதான் முதலாளி."

"கெட்டுப்போன சரக்குன்னு திருப்பி அனுப்பிட்டான். நீயே வேணாம்னு சொன்ன லாட்டுக்கு நீயே எப்படி எழுதிக் கொடுத்தே?"

"இந்தத் தாள் நல்ல லாட்டுத் தட்டுல வந்துச்சு முதலாளி."

மானேஜர் குரலை உயர்த்தவில்லை. "தட்டு எதுவா இருந்தா என்ன? தாள்ல நாற்பத்தாறுன்னு கொட்டை எழுத்துல இருக்கு. படிக்காம யாராவது கையெழுத்துப் போடுவாங்களா?"

அப்போதுதான் நான் அந்தத் தாளைப் படித்தேன். மேல் வரியிலேயே இருந்தது, நாற்பத்தாறு. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். படித்த அண்ணன் பக்கத்தில்தான் நின்றான் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு மூன்று பிள்ளைகள், வாசலில் வேலை.

பச்சைப் பட்டை நாடு ஒரு வருடம் எங்கள் ஆலையிடம் வாங்கவில்லை. பாதிப் பெண்களுக்கு வேலை நின்றது. அவள் பெயரின் எழுத்துகளைத் தின்றவர்கள் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். "பேர் எழுதக் கத்துக்கிட்டா, எங்க அடுப்பை அணைச்சா" என்று ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாள். மேசைக்கு வேறு ஆள் வந்தான். அவள் பழையபடி கொட்டை உடைக்கும் வரிசைக்குப் போய், பதினான்கு வருடம் உடைத்தாள். வீட்டில் ஒரு நாள் நான் அந்தப் பேச்சை எடுத்தேன். "விடுண்ணா. நீ என் கையைப் பார்த்தே. அதுக்குத்தானே கூப்பிட்டேன்" என்றாள். அதற்குமேல் பேச விடவில்லை.

அதற்குப் பிறகு அவள் எந்தத் தாளிலும் பெயர் எழுதவில்லை. ரேஷன் கடையிலும், மகள் கல்யாணப் பதிவிலும் பெருவிரலையே நீட்டினாள். கருப்பாக ஒரு வட்டம் மட்டும் விழும்.

போன வருடம் நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அறுவைக்குச் சம்மதம் கேட்டு நர்ஸ் தாளைக் கொண்டுவந்தார். பெருவிரலைத் துடைத்துத் துடைத்து அழுத்தினார், ரேகை ஒன்றும் விழவில்லை.

"ஏம்மா, உங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?"

"தெரியாதும்மா. எங்கண்ணன் படிச்சவர், அவர் போடுவார். படிச்சுப் பார்த்துட்டே போடட்டும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். குத்தலாகச் சிரிக்கவில்லை, சின்ன வயதில் சிரிப்பது மாதிரிதான் சிரித்தாள். நான் இரண்டு பக்கத்தையும் முழுக்கப் படித்தேன். பிறகு என் பெயரைப் போட்டேன். நான்காம் நாள் அவள் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே 'எழுதத் தெரியாதவர்' என்று இருக்கிறது. அது தவறு. என் தங்கைக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். முதல் தடவை கையெழுத்தாகப் போட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். 1997, ஜூன் 9, திங்கட்கிழமை.