மகள் விட்டுவைத்த இடங்கள்

என் மகள் ஓவியக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். நான் துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். இரண்டும் ஒரே தொழில்தான் என்று எங்கள் காலடிப்பேட்டை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பரீட்சைக்காக அவள் ஒரு பழைய படத்தைப் பார்த்து அதே போல வரைய வேண்டியிருந்தது. நூறு வருஷத்துக்கு முந்தின வெளிநாட்டு ஓவியர் எண்ணெய் வண்ணத்தில் போட்டது. பூந்தோட்டத்துக்கு நடுவே ஒரு பாதை, அவ்வளவுதான். ஆள் இல்லை, வீடு இல்லை. நன்றாக வந்தால் கல்லூரிக் கண்காட்சியில் மாட்டுவார்கள். அவளுக்கு அதில்தான் ஆசை. எங்கள் முன்னறையில், டிவியை மறைத்துப் படம் வைக்கிற ஸ்டாண்டை நிறுத்தி, மூன்று வாரம் வரைந்தாள். கிரிக்கெட் போயிற்றே என்று முணுமுணுத்ததைத் தவிர நான் குறுக்கே நிற்கவில்லை. டர்பன்டைன் வாசனை எனக்குப் பழகினதுதானே.

உண்மையைச் சொன்னால் அவள் வரைந்த படம் எனக்குப் பிடிக்கவில்லை. கிட்டே போனால் பூ என்று ஒன்றுமே இல்லை. சிவப்பும் மஞ்சளும் ஊதாவும் களிமண்ணை அப்பினது போலத் திட்டுத் திட்டாக நின்றன. பாதையில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் வண்ணமே படாமல் வெறும் துணி தெரிந்தது.

எங்கள் வேலையில் இது ஆகாது. துருவைச் சுரண்ட வேண்டும், உப்பைக் கழுவ வேண்டும், பிறகு பிரைமர், அதற்கு மேல் இரண்டு கோட். எங்கேயும் பெயிண்ட் திரண்டு நிற்கக் கூடாது. நகக்கண் அளவு இடம் விட்டுப்போனாலும் உப்புத்தண்ணீர் அங்கேதான் புகும். தொங்குபலகையில் உட்கார்ந்து, கப்பல் தகட்டை ஒரு கை தூரத்தில் வைத்தே இருபத்தெட்டு வருஷம் பார்த்த கண் என்னுடையது.

படத்தைக் கொடுக்க வேண்டிய நாள் காலையில், ஃப்ரேம் கடையில் அளவு சொல்லிவிட்டு வருகிறேன் என்று அவள் கிளம்பினாள். நான் டீ கிளாஸோடு படத்துக்கு முன்னால் நின்றேன். பிள்ளை அசதியில் விட்டுவிட்டாள், மார்க்கைக் குறைத்துவிடுவார்கள் என்று மனசு அடித்துக்கொண்டது. கை சும்மா இருக்குமா? அவள் வண்ணம் அப்புகிற பட்டைக் கத்தியை எடுத்து, மேல்மூலை தவிர, திரண்டு நின்றதையெல்லாம் வழித்துச் சமமாக்கினேன். தட்டில் மிச்சமிருந்த வண்ணத்தைக் குழைத்துப் பாதையில் விட்டுப்போன இடங்களை அடைத்தேன். ஓரம் ஒரு நூல் பிசகவில்லை. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவிகூட, "இப்பதான் ரோடு மாரி கீது" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மகள் வந்தாள். செருப்பைக் கழற்றாமலே நின்றுவிட்டாள்.

"நைனா, இன்னா பண்ணி வச்சிகீற?"

"ஓட்ட ஓட்டயா வுட்டுட்டுப் போயிருந்தியேம்மா. நான்தான் அடச்சேன்."

"அது வெயிலு நைனா. செடிங்களுக்கு நடுவுல பாதைல வுழற வெயிலு. மொதல்ல வரஞ்ச ஆளு வேணும்னேதான் அத்த வுட்டு வச்சிகீறாரு."

என் கையைப் பிடித்து வாசல்படி வரைக்கும் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்து பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் கை வைக்காத மேல்மூலையில் செடிகள் பூத்துக் குலுங்கின. கீழே தார் ரோடு கிடந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்கள். அவள் பிள்ளையாரைப் பிடித்தே வைத்திருந்தாள், நான்தான் குரங்காக்கினேன்.

நான் பூசினது ஈரமாக இருந்ததால், கந்தல் துணியை டர்பன்டைனில் நனைத்து அவளே துடைத்தெடுத்தாள். பாதை கறையும் அழுக்குமாகத் திரும்பி வந்தது. வழித்தெடுத்த பூக்கள் வரவில்லை. இரண்டு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். முடிந்த மட்டும் பூக்களை மறுபடி அப்பினாள்.

"நானும் வர்றேம்மா. உங்க சாராண்ட நான்தான் பண்ணேன்னு சொல்லிடறேன்" என்றேன்.

"வேணாம்" என்றாள். ஈரப் படத்தை உடம்பில் படாமல் பிடித்துக்கொண்டு ஆட்டோ ஏறிப் போய்விட்டாள்.

சாயங்காலம் வந்து சொன்னாள். பாஸ்தான். கண்காட்சிக்கு எடுக்கவில்லை.

"யாரு கெடுத்ததுன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. அவசரத்துல நானே கெடுத்துட்டேன்னு சொல்லிட்டேன்."

"ஏம்மா அப்டி சொன்ன?"

"உன்னச் சொன்னா அல்லாரும் சிரிப்பாங்க நைனா. உன்னப் பாத்து யாரும் சிரிக்கக் கூடாது."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். வேலையில் குறை கண்டு, யார் அடித்தது என்று மேஸ்திரி கேட்கும்போதெல்லாம், நான் அடித்த இடமாகவே இருந்தாலும் பக்கத்துப் பலகைக்காரனைக் கை காட்டியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. அதை என் மகளிடம் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.