டாக்டர் பாய் அழைத்து வந்த மாப்பிள்ளை

திருப்பாலைவனத்தில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்டக்டர் ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், டாக்டர் பாய் பூட்டாரு. காலைல தான்." அதற்குள் விசில் ஊதிவிட்டார். அந்தச் சாவுச் செய்தியோடு பள்ளிக்கூடம் போனேன். உயிரியல் பாடம் எடுக்க முடியவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப் போவதில்லை. பழவேற்காட்டுக்காரர், கால்நடை மருத்துவர், கிண்டல்காரர். எழுபதுகளில் ஜாம்பியா போய் காட்டு மான்களுக்கு வைத்தியம் பார்த்தவர். அங்கே சாலையும் வேலியும் மந்தைகளைத் துண்டு துண்டாக்கியதைக் கண்டு மனம் வெறுத்துத் திரும்பினார். "தலைய எண்ணாதீங்க டீச்சரம்மா. எத்தினி குடும்பம்னு கேளுங்க" என்பார். ஒரே குடும்பத்து ரத்தம் என்றால் ஆயிரம் மான் இருந்தாலும் ஒரு நோய் போதும் என்பது அவர் கணக்கு.

வந்த இடத்திலும் அதே கதைதான். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல்திட்டில், மீனவர் குப்பத்தை ஒட்டிய புல்வெளியில், சின்ன வெளிமான் கூட்டம் ஒன்று இருந்தது. வேட்டைக்காரர்கள் விட்டு வைத்தது ஒரே கிழக் கிடா. பெட்டைகள் எல்லாம் அதன் மகள்களும் பேத்திகளும். பிறந்த குட்டிகள் எழுந்து நிற்கத் திராணியில்லாமல் விழுந்தன. வெளியிலிருந்து ஒரு கிடா வந்தாக வேண்டும் என்று அவரும் நானும் வனத்துறைக்கு மனு எழுதி மனு எழுதிக் கை ஓய்ந்தோம்.

குப்பத்தின் சம்மதமும் வேண்டியிருந்தது. படகு அவர்களுடையது, மானைத் துரத்தும் நாய்களும் அவர்களுடையவை. நாட்டார், அதாவது குப்பத்துத் தலைவர், பிடி கொடுக்கவில்லை. "மான் வந்தா பின்னாலயே ஆபீசரும் வருவான். எங்களுக்கு இன்னா பாய்?"

டாக்டர் சிரித்துக்கொண்டே கேட்டார். "உங்க பொண்ண பங்காளி வூட்லயா குடுப்பீங்க நைனா? வெளியூர்ல தான மாப்பிள்ள பாப்பீங்க. இதுங்களுக்கும் ஒரு மாப்பிள்ள வேணும், அவ்ளோதான்."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நாட்டாரும் சிரித்துவிட்டார். "அப்போ இட்டுனு வா பாய். மாப்பிள்ளய நாங்க பாத்துக்கறோம்." நானும் அன்று, இவ்வளவு சுலபமாகப் பாடம் நடத்த எனக்கு வரவில்லையே என்று பொறாமைப்பட்டேன்.

தெற்கே ஒரு பண்ணையிலிருந்து கிடா வந்தது. கறுத்த முதுகு, முறுக்கிய கொம்பு. கண்ணைக் கட்டி மரக்கூண்டில் வைத்துப் படகில் ஏற்றினோம். இந்த இனம் பயத்திலேயே உயிரை விட்டுவிடும் என்பதால் படகில் ஒருவரும் இருமக்கூட இல்லை. கரை தெரிந்தது. குப்பமே கரையில் நின்றது. மேளம், ஆரத்தித் தட்டு, சரவெடி.

டாக்டர் எழுந்து நின்று, நிறுத்தச் சொல்லி இரண்டு கைகளையும் வீசினார். அவர்களும் சந்தோஷமாகக் கைவீசினார்கள். மேளம் இன்னும் உரக்க முழங்கியது. வெடி வெடித்தது. கூண்டுக்குள் கிடா மோதிய சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

நாட்டார் தோளிலிருந்த துண்டை எடுத்துவிட்டார். "மரியாத தான பாய் பண்ணோம்."

"ஆமா நைனா. உங்க மேல தப்பில்ல. மாப்பிள்ளன்னு சொன்னவன் நான்."

அன்று குப்பத்தில் உலை வைக்கவில்லை. கிடாவைக் குளிப்பாட்டித்தான் புதைத்தார்கள். இன்னொரு கிடா தர முடியாது என்று மேலிடம் கைவிரித்தது. டாக்டர் அதன் பிறகு எதையும் எதோடும் ஒப்பிட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கிண்டலும் நின்றுபோயிற்று. கூட்டம் ஒவ்வொன்றாகக் குறைய, மாதந்தோறும் படகேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பார்ப்பதைத் தவிர அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தக் கொடுமையை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

அடக்கத்துக்குக் குப்பமே வந்திருந்தது. தொலைவில் நின்றார்கள். நாட்டார் என்னிடம் வந்து கேட்டார். "இன்னும் ஒத்தப் பெட்ட மட்டும் சுத்தினு கீதே டீச்சர். அதுக்கு இன்னா வழி?"

ஆறுதலாகச் சொல்ல ஓர் உவமை நாக்கு நுனி வரை வந்தது. டாக்டர் பாய் எனக்கு விட்டுப்போனது அதை விழுங்கும் பழக்கம் ஒன்றைத்தான்.

"வழி இல்ல நைனா" என்றேன்.