இரட்டைப் பழத்தின் பங்கு

நானும் என் தங்கையும் பிறந்ததற்கு முசிறி அத்தை வீட்டு வாழைத்தார்தான் காரணம் என்று எங்கள் குடும்பத்தில் வெகுகாலம் நம்பினார்கள். அம்மா முழுகாமல் இருந்தபோது அத்தை ஒரு பூவன் தார் அனுப்பியிருந்தாளாம். அதில் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பழம் ஒன்று. பிள்ளைத்தாய்ச்சி அதைத் தொடக்கூடாது என்பது ஊரறிந்த விதி. மசக்கைக்கு விதி ஏது? அம்மா தின்றுவிட்டாள், நாங்கள் இரண்டு பேராக வந்து சேர்ந்தோம்.

திருவானைக்காவலில் எங்கள் வீடு. எனக்கும் தங்கைக்கும் ஒரே முகம். ஆனால் நான் வலக்கைக்காரி, அவள் இடக்கைக்காரி. எனக்கு வலப்பக்கத்துப் பல் விழுந்தால் அவளுக்கு இடப்பக்கத்துப் பல் விழும். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டால் கண்ணாடி முன்னால் சாப்பிடுவதுபோல இருக்கும். அவள் இடக்கையால் சோற்றை அள்ளும்போதெல்லாம் அம்மாவின் கரண்டிக் காம்பு அவள் மணிக்கட்டில் விழும். நான் நல்ல பிள்ளையாக முகத்தை வைத்துக்கொண்டு சாப்பிடுவேன்.

முசிறி அத்தை அப்பாவின் அக்கா. தாயில்லாத அப்பாவை வளர்த்துப் படிக்க வைத்தவள். அவளுக்குக் குழந்தை இல்லை. எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம், "என் தோட்டத்துப் பழத்துல வந்ததுங்க. ஒண்ணு எனக்குத்தான்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள், கொஞ்சம் பிந்தி.

நாங்கள் ஸ்கூலில் சேர வேண்டிய வருஷம் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. அத்தை காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஒரு தார் பழமும், ஒரு துணிப்பையும். ஒன்றை அழைத்துப்போய் முசிறியிலேயே படிக்க வைப்பதாக அப்பாவிடம் சொன்னாள். வலக்கைக்காரியாக இருந்தால் போதும், இடக்கையைத் தன் மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றும் சொன்னாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவிடம் முடியாது என்று சொல்லும் வாய் அவருக்கு இல்லை.

அம்மா எங்கள் இருவரையும் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள். என் காதோடு, "இன்னிக்கு நீயும் தங்கச்சி மாதிரி இடது கையாலதான் சாப்பிடணும். அத்தை போற வரைக்கும் எதையும் வலது கையால தொடக்கூடாது. விளையாட்டு இது" என்றாள். கரண்டிக் காம்புக்கு விடுமுறை விட்ட அதிசயத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இலை போட்டார்கள். தங்கை பிறவி உரிமையோடு வெளுத்துக் கட்டினாள். நான் சாம்பார் சாதத்தை முழங்கை வரை வழியவிட்டு, பாதியைப் பாவாடைக்கு ஊட்டினேன். அத்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இதில் வலக்கைக்காரி எது என்று கேட்டாள். இப்போது இரண்டும் இடக்கைதான், ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டது, அடித்தும் பார்த்துவிட்டேன் என்று அம்மா சொன்னாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத அம்மாவின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் அத்தை சீப்பை எடுத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டாள். தங்கைக்குச் சட்டென்று வாரிவிட்டாள். என்னை மட்டும் முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு வெகுநேரம் வாரினாள். உச்சந்தலையில் அவள் விரல் சுழியின் வழியே வட்டமாகப் போனது, மறுபடியும் போனது. எங்களுக்குச் சமயபுரத்தில் முதல் மொட்டை போட்டபோது இரண்டு தலையிலும் சுழி எதிரும் புதிருமாகச் சுற்றுவதைக் கண்டுபிடித்தவளே அத்தைதான். ஒன்றின் சுழி வலப்பக்கம், மற்றதன் சுழி இடப்பக்கம், கையும் அப்படித்தான் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னவளும் அவள்தான். அம்மா அதை மறந்திருந்தாள். இப்போது நினைவு வந்திருக்க வேண்டும், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

அத்தை சீப்பைக் கீழே வைத்தாள். "ரெண்டும் இடது கைதான். என் மாமியார்கிட்ட யாரு பேச்சு வாங்கறது? ரெண்டும் இங்கேயே இருக்கட்டும் தம்பி" என்று அப்பாவிடம் சொன்னாள். அம்மா எழுந்து வந்து, பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு அத்தையின் காலில் விழுந்தாள். காலையில் வந்தவளை இப்போது எதற்குச் சேவிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

தங்கையின் மகள் டாக்டருக்குப் படித்தபோதுதான் எங்களுக்கு எங்கள் கதை தெரிந்தது. இரட்டைப் பழத்துக்கும் இரட்டைப் பிள்ளைக்கும் சம்பந்தமில்லையாம். ஒரே கரு இரண்டாகப் பிரிவதும், கொஞ்சம் தாமதமாகப் பிரிந்தால் சில பேருக்கு இப்படிக் கண்ணாடி பிம்பமாக அமைவதும் தற்செயலாம். இவ்வளவு ஒத்துப்போனவர்களுக்கும் கைரேகை மட்டும் ஒன்றாக இருக்காதாம். அப்படியானால் அத்தைக்கு எங்கள்மேல் எந்தப் பங்கும் இருந்ததில்லை. இருப்பதாக நம்பித்தான் அவள் விட்டுக்கொடுத்துப் போனாள். ஒரே கருவில் பிரிந்த எங்களை அதற்குப் பிறகு பிரியவிடாமல் வைத்தவள் அவள். அந்த நன்றியை நேரில் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை, நான் புரிந்துகொண்டபோது அத்தை இல்லை.

அன்று புறப்படும்போது அவள் துணிப்பையைத் திறந்து ஒரு புதுப் பாவாடை சட்டையை எடுத்து எங்களிடம் கொடுத்தாள். என் அளவுக்குத் தைத்தது, ஆகையால் தங்கைக்கும் அதே அளவு. எங்களுக்குள் அடிதடி மூண்டது. ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரே ஒரு பாவாடையா, இவ்வளவு கஞ்சத்தனமா என்று அத்தையின் முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

"தப்புதான் கண்ணு. அடுத்த தடவை ரெண்டா கொண்டாரேன்" என்றாள் அத்தை. அதன் பிறகு அவள் எது கொண்டுவந்தாலும் இரண்டாகத்தான் கொண்டுவந்தாள்.