கருப்பா என்று கூப்பிட்ட பட்டறை

லாரிப் பட்டறை ஃபோர்மேனின் தலையெழுத்து உங்களுக்கும் தெரிந்திருக்கும்: நட்டு கழன்றால் திட்டு, கழலாவிட்டால் ஒருவரும் நினைத்துக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

பெயர் வைத்தது

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் ஃபோர்மேனாக இருந்த அபுதாபி முசஃபா பட்டறைக்கு கானா நாட்டிலிருந்து ஜோஷுவா என்ற மெக்கானிக் வந்தார். வெல்டர் ஆண்டனி முதல் நாளே அவரைக் "கருப்பா" என்றான். ஆண்டனியும் என்னைப்போல் தூத்துக்குடிக்காரன். நிறத்தில் ஜோஷுவாவுக்குச் சளைத்தவனில்லை. நான் சிரித்தேன், தடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எங்கள் தமிழ் ஜெபக்கூட்டத்துக்கு ஜோஷுவா வந்தார். எழுந்து நின்று ஆங்கிலத்தில், "என் பெயர் ஜோஷுவா, தமிழ்ச் சகோதரர்கள் அன்பாக வைத்த பெயர் கருப்பா" என்றார். கூட்டமே பாட்டுப் புத்தகத்தைக் குனிந்து பார்த்தது. அர்த்தம் என்ன என்று என்னிடம் கேட்டார். வெள்ளிக்கிழமை பிரதர், சனிக்கிழமை கருப்பன் என்று எப்படிச் சொல்வது? "எங்கள் பக்கத்தில் அது ஒரு சாமி பெயர்" என்று சமாளித்தேன். பதறிவிட்டார்.

"ஐயோ அண்ணாச்சி, சாமி பெயரெல்லாம் எனக்கு வேண்டாம். நான் மனிதன்தான்."

ஒப்புக்கொள்ளும் கூட்டம்

நாங்கள் தங்கியிருந்த கேம்ப் சாப்பாட்டு அறையில் ஜோஷுவா தன் ஊர் ஆண்களுக்கு ஒரு கூட்டம் நடத்தினார். வீட்டுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாயா, உன் தப்பை அடுத்தவன் தலையில் கட்டினாயா என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சமையலறையில் ஒளித்துவைத்த கோழிக்கால் வரைக்கும் வெளியே வந்தது. கதவோரம் நின்று கேட்டேன். பக்கத்தில் நின்ற ஆண்டனி என் காதில் சொன்னான்:

"அண்ணாச்சி, இத நம்ம ஜெபக்கூட்டத்துல வச்சா பாஸ்டர் மட்டுந்தான் வருவாரு. அவரும் லேட்டாத்தான் வருவாரு."

இடது பின்சக்கரம்

ஒரு நாள் காலை, முந்தின நாள் அனுப்பிய லாரி, இடது பின்சக்கரம் ஆடிக்கொண்டே திரும்பி வந்தது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றுமில்லை. வலது பக்கம் ஜோஷுவா மாட்டியது. இடது பக்கம் நான்; பாதி முடுக்கும்போது ஊரிலிருந்து மனைவியின் போன் வந்தது. பேசி முடித்து, பார்க்காமலே ஜாப் கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மேனேஜர் கேள்வியே கேட்கவில்லை. ஜோஷுவாவைக் காட்டி, "இவன் கலாஸ், வேலை முடிந்தது. விசா கேன்சல்" என்றார். ஜோஷுவா என்னைப் பார்த்தார். நான் ஸ்பேனரைப் பார்த்தேன். ஐம்பது வயதில் பிள்ளைகளுக்கு வேதபாட வகுப்பு எடுப்பவன், மத்தியானம் வரை வாயைத் திறக்கவில்லை. அதற்குள் ஜோஷுவா தன் கருவிகளைத் துடைத்து, எண்ணி, ஒப்படைக்க அடுக்கிவிட்டார். ஒவ்வொன்றும் பளபளத்தது. அதைப் பார்த்தபிறகு சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு மேனேஜர் அறைக்குப் போய், "அந்தச் சக்கரம் நான் மாட்டினது" என்றேன்.

ஜோஷுவா தங்கினார். என் ஃபோர்மேன் நாற்காலி அவருக்குப் போனது. "அது நான் மாட்டினது என்று உனக்கு முன்னமே தெரியுமா?" என்று கேட்டேன்.

"முந்தின நாள் உங்கள் ஸ்பேனர் அந்தச் சக்கரத்துப் பக்கம்தான் கிடந்தது, அண்ணாச்சி. நீங்களே சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். மனிதன்தானே, கொஞ்சம் நேரமாகும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு நட்டையும் இரண்டு தடவை பார்க்கிறேன். என்னை எத்தனை தடவை பார்ப்பது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.