றெஜினா கத்திய சொல்

போன சனிக்கிழமை லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். பின்னால் ஒரு குரல்.

"அண்ணை, நீங்கள்தானே பேஸ்போல் பற்றி எழுதுறவர்?"

ஓம் என்றேன். கிரிக்கெட் பற்றி எழுதினால் ஊரே சண்டைக்கு வரும். பேஸ்போல் பற்றி எழுதினால் ஒருவர் வருகிறார்... அதுவும் வெண்டைக்காய்ப் பையுடன்.

"அப்ப சொல்லுங்கோ. பேஸ்போல் சரித்திரத்திலையே திறமான ஃபீல்டர் ஆர்?"

முதுகைக் காட்டி ஓடியபடியே, தோளுக்கு மேலால் வந்த பந்தைப் பிடித்தவரைச் சொன்னேன். மூன்றாம் பேஸில் நின்று ஒரு பந்தையும் தாண்டவிடாதவரைச் சொன்னேன். முழங்காலில் இருந்தபடியே எறிந்து ஓட்டக்காரர்களை வீழ்த்திய கேட்சரையும் சொன்னேன். அவர் திருப்தியாகப் போய்விட்டார்.

எனக்குத்தான் திருப்தியில்லை. பழைய வீடியோக்களில் அவர்கள் ஓடுவது தெரிகிறது, பாய்வது தெரிகிறது. ஓடும்போது பக்கத்தில் நின்றவனுக்கு என்ன சொல்லிக் கத்தினார்கள் — அது கேட்கிறதா?

றெஜினாவின் கதையை இவ்வளவு நாளும் எழுதாமல் வைத்திருந்தேன். இப்போது அவளே எழுதச் சொல்லிவிட்டாள்.

றெஜினா மன்னார்க்காரி. நாற்பத்திரண்டு வயது. கூசேன்வில்லில் இருக்கிறாள், விமான நிலையத்தில் பயணப்பொதி பிரிக்கும் இடத்தில் வேலை. பள்ளிக்கூடத்தில் எல்லே ஆடியவள் — கம்பால் பந்தை அடித்துவிட்டு ஓடும் ஆட்டம். பிடிப்பவர்களுக்குக் கையுறை கிடையாது. அவளுடன் வேலை செய்யும் பத்ரிக் என்ற பிரெஞ்சுக்காரர், ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேஸ்போல் அணியில் அவளைச் சேர்த்துவிட்டார். பொதி வண்டி ஓட்டுபவர் அவர். மைதானத்தின் கடைசியில், நடுவில் றெஜினா, இடப்பக்கம் பத்ரிக். மூன்று வருடம் அப்படித்தான் நின்றார்கள்.

மே மாதத்தில் ஒரு போட்டி. நான் புல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிச் சுற்று. இன்னும் ஒருவரை ஆட்டமிழக்கச் செய்தால் வெற்றி. பந்து உயரப் போய் இருவருக்கும் நடுவில் இறங்கியது. அப்படி வந்தால் அது நடுவில் நிற்பவருடைய பந்து. அவர் கத்துவார், மற்றவர் விலகுவார். றெஜினா கத்தினாள். தூரத்தில் இருந்த எனக்கு என்னவென்று விளங்கவில்லை.

பத்ரிக் விலகவில்லை. இன்னும் வேகமாக ஓடி வந்தார்.

அவளுடைய நெற்றி அவருடைய இடக்கண்ணில் மோதியது. அவர் எழும்பவில்லை. றெஜினா பக்கத்தில் முழங்காலில் இருந்தாள், கையுறைக்குள் பந்து. போட்டியில் வென்றுவிட்டோம் என்பதைக்கூட ஒருவரும் சொல்லவில்லை. அணித்தலைவர் ஓடி வந்து, "அது அவளுடைய பந்தாயிற்றே, ஏன் வந்தாய்?" என்று கேட்டார்.

"என் பிழை" என்றார் பத்ரிக்.

கண்குழி எலும்பு உடைந்து, சத்திரசிகிச்சை நடந்தது. றெஜினா விளையாட்டை விட்டாள். ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை.

"நான் கத்தினனான் அண்ணை. அவருக்குக் கேட்டது. கேட்டும் வந்தவர்" என்று மட்டும் சொன்னாள். குரலில் பாதி துக்கம், பாதி கோபம்.

மூன்று கிழமை கழித்து, பத்ரிக் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு எனக்குப் போன் எடுத்தாள். "தனியப் போக ஏலாது அண்ணை. வாறீங்களோ?"

போனோம். பத்ரிக்கின் மனைவி கோப்பி வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் ஒரு கண்ணில் கட்டுடன் இருந்தார். கொஞ்ச நேரம் வேலையிடத்துக் கதை. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"றெஜினா, ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு ஏன் 'வித்' என்று கத்தினாய்? உன்னால் முடியாது, என்னைக் கெதியாக வரச் சொல்கிறாய் என்று நினைத்துத்தான் ஓடி வந்தேன்."

றெஜினாவின் முகம் வெளிறிவிட்டது. வித் என்றால் பிரெஞ்சில் 'கெதியாக', சீக்கிரம். அவள் கத்தியது அதுவல்ல.

"விடு" என்று கத்தியிருக்கிறாள். தமிழில்.

அவள் அதைச் சொல்லி முடிக்க நிறைய நேரம் எடுத்தது. அழுதுகொண்டே பிரெஞ்சில் சொன்னாள் — அது எங்களுடைய பாஷை, உங்களை விலகச் சொன்னேன், எனக்கே தெரியாமல் அப்படி வந்துவிட்டது என்று.

"இதை ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை?" என்று நான் பத்ரிக்கைக் கேட்டேன்.

"சொன்னால் எல்லாரும் அவளைத்தானே பிழை சொல்வார்கள்" என்றார். பிறகு றெஜினாவைத் திரும்பிப் பார்த்தார். "ஏழு வருடம் பக்கத்தில் வேலை செய்திருக்கிறேன். உன் பாஷையில் ஒரு சொல்கூட எனக்குத் தெரியாது."

திரும்பி வரும்போது ரயிலில் றெஜினா ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். "பதினாறு வருஷமா இஞ்சை பிரெஞ்சிலைதான் வேலை. கனவுகூடச் சிலவேளை பிரெஞ்சிலை வருது. அந்த நேரத்திலை மட்டும் ஏன் அண்ணை..."

உங்களிடம் பதில் இருக்கிறதா?

பத்ரிக்கின் கண் முழுதாகத் திரும்பவில்லை. கீழ்ப்பக்கம் ஒரு நிழல் நிற்கிறதாம். வண்டி ஓட்ட விடமாட்டார்கள். இப்போது றெஜினாவுடன் பொதி பிரிக்கிறார். இனி மைதானத்திலும் இறங்க முடியாது. ஆனால் செப்டெம்பரில் ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில், அவள் மைதானத்தில் விட்டுவிட்டு வந்த கையுறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தவர் அவர்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் விளையாடப் போனாள்.

இடப்பக்கத்தில் இப்போது ஒரு போர்த்துக்கேயப் பெண் நிற்கிறாள். முதல் நாளே அவளிடம் றெஜினா கேட்ட கேள்வி: "பயந்தால் நீ எந்தப் பாஷையில் கத்துவாய்?"

ஃபீல்டிங் பற்றி நான் எவ்வளவோ வாசித்திருக்கிறேன். இந்தக் கேள்வியை எங்கும் வாசித்ததில்லை.

என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரருக்குப் பதினோரு வருடமாக என் பெயர் வாயில் வராது, நானும் திருத்தியதில்லை. திங்கட்கிழமை சொல்லிக்கொடுக்கப் போகிறேன் — அவருடைய பெயரை நான் சரியாகச் சொல்கிறேனா என்பதையும் கேட்டுவிட வேண்டும்.